மேனேஜரே சாட்சி

ஒரு பேங்க் மேனேஜர் என்னைத் திருடன் என்று சந்தேகப்பட்ட கதையை உங்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. விவகாரம் போன வாரம்தான் முடிந்தது. இனி தைரியமாகச் சொல்லலாம்.

குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் என் அண்ணன் விவசாயம் செய்கிறார். வயலைப் பார்ப்பது அண்ணன், வரவு செலவைப் பார்ப்பது அண்ணி. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் அண்ணியின் அக்கவுன்ட்டுக்கு வந்திருந்தது. அடுத்த போகமான தாளடி நடவுக்கு அதுதான் கைமுதல். நாற்று தயார், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நடவுக்கு ஆளும் சொல்லியாகிவிட்டது.

நான் ஊருக்குப் போயிருந்த அன்று அண்ணி போனை நீட்டினார்.

"தம்பி, நேத்து மத்தியானத்துலேருந்து பேங்க் மெசேஜா வந்து கெடக்கு. ஏதாவது ஆஃபரா, பாருங்க."

ஆஃபர்தான்... வேறு யாருக்கோ! வடக்கே, பெயரே வாயில் நுழையாத ஓர் ஊர் ஏடிஎம்மில் யாரோ அடுத்தடுத்துப் பணம் எடுத்திருக்கிறார்கள். நெல் பணத்தில் பாதிக்கு மேல் காலி. கார்டோ அண்ணியின் பர்ஸில் சமர்த்தாக இருக்கிறது.

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, அண்ணன் வயலிலிருந்து வந்து சாப்பிட்டு முடிக்கும் வரை இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கார்டை முடக்க போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது ஒரு குரல். அவ்வளவு முக்கியம் என்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே? தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். இந்தியில் பேசியது. ஒருவழியாகக் கார்டை முடக்கி, சைபர் கிரைமில் புகாரும் பதிந்துவிட்டு, பேங்குக்குப் போனோம்.

மேனேஜர் சின்ன வயசுக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் எதிரே இருக்கும் மனிதரைவிடக் கம்ப்யூட்டரைத்தான் நம்புவார். கார்டு போட்டு, சரியான பின் நம்பர் அடித்துத்தான் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று அது சொல்லிவிட்டதாம். அப்படியென்றால் நீங்கள்தான் நம்பரை யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும் என்றார். கார்டையே நகல் எடுத்துத் திருடுகிறார்களாமே என்று நான் இழுத்தேன். அதையெல்லாம் ஹெட் ஆபீஸ்தான் முடிவு செய்யும் என்றார். அப்புறம், குடும்பத்தில் யாருக்காவது பின் நம்பர் தெரியுமா என்று அண்ணியிடம் கேட்டுவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சாருக்கு எந்த ஊரு? என்ன வேலை பாக்குறீங்க?"

பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். சந்தேகம் கூடியது அவர் முகத்தில் தெரிந்தது. சத்தியமாக, நான் வடக்கே அதிகபட்சம் போனது மாயவரம் வரைக்கும்தான். ஆனால் போகாத ஊருக்குப் போகவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

அண்ணிக்கும் அதே கதிதான். பணம் எடுத்த நேரத்தில் நீங்கள் அந்த ஊரில் இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும், யாராவது சாட்சி இருந்தால் நல்லது என்றார் மேனேஜர். கூடவே ஆதார் நகலும் கேட்டார். பறிகொடுத்தவரிடம் இத்தனை கேள்வி. எடுத்தவனிடம் அந்த மெஷின் ஒரு வார்த்தை கேட்டதா?

அண்ணி என்னிடம் மெசேஜ் வந்த நேரத்தைக் கேட்டார். சொன்னேன். மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து அந்த நேரத்துல நான் இந்த நாற்காலியிலதான் சார் உக்காந்திருந்தேன். பாஸ்புக் மெஷின் ஓடலன்னு உங்ககூட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்ல?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறக்கக்கூடிய சண்டையா அது? கவுன்ட்டரில் இருந்தவர்கள் வேறு குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். கேமரா பதிவைப் பார்க்க மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும் என்று முனகினார்.

"கேமரா எதுக்கு சார்? அதான் நீங்களே இருக்கீங்களே."

வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தார். அண்ணி படித்துக் காட்டச் சொன்னார். குறிப்பிட்ட நேரத்தில் வாடிக்கையாளர் எங்கள் கிளைக்கு வருகை தந்திருந்தார் என்று இருந்தது.

"சண்டை போட்டேன்னும் சேத்து எழுதுங்க சார். சும்மா வந்திருந்தேன்னு எழுதுனா மேல யாரு நம்புவாங்க?"

சேர்த்தார்! வாடிக்கையாளர் மேலாளருடன் பலத்த வாக்குவாதத்தில் ஈடுபட்டிருந்தார் என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல்முறையாக அவரும் சிரித்தார்.

ஆனால் ஹெட் ஆபீஸ் யோசித்து முடிக்கும் வரை நாற்று காத்திருக்குமா? அண்ணி வளையலைக் கழற்றி அடகு வைத்தார். அதே பேங்கில்தான்! அண்ணி தன் பணத்தைக் கேட்டபோது ஆயிரம் விதி சொன்ன இடம், நகைக்கடன் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தது. நடவு முடிந்தது. பயிர் பச்சை பிடித்தது. அண்ணியின் வெறுங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார்.

போன வாரம் பணம் முழுதாகத் திரும்பி வந்தது. அண்ணி உடனே வளையலை மீட்டுப் போட்டுக்கொண்டு எனக்கு போன் செய்தார். குரலே மாறியிருந்தது.

மறுநாள் மறுபடியும் போன். பேங்கிலிருந்து இன்னொரு மெசேஜாம். மெசேஜ் அனுப்பியதற்கான கட்டணத்தைக் கழித்துவிட்டோம் என்று மெசேஜ்.

"திருடனாவது சொல்லாம எடுத்தான் தம்பி" என்றார் அண்ணி. "இவங்க சொல்லிட்டே எடுக்குறாங்க."