பிடுங்கிய பிளக்கில் கரன்ட்

போன தை மாதம், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. அன்று வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். தங்கை தஞ்சாவூரில் விடுதியில் இருந்தாள். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றிருந்தார். நெல்லில் பதர் அதிகம் என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மத்தியானத்துக்குள்ள தூத்தி ஏத்திவிடுங்கடா, இல்லன்னா நம்ம முறை போயிடும்" என்று போனில் சொன்னார்.

அன்று பார்த்துக் காற்று அசையவே இல்லை. ஸ்டாண்டு ஃபேனை வாசலில் வைத்துத் தூற்றலாம் என்றால், அதன் ஒயர் நுனியை எலி கடித்துப் பிளக்கே இல்லாமல் கிடந்தது. வீட்டிலிருந்த நீளக் கேபிளோடு அதை இணைக்க வேண்டும். கடைத்தெருவில் பாயின் எலக்ட்ரிக் கடைக்கு ஓடினேன். திருகாணி வைத்த சின்னக் கனெக்டரைக் கேட்டேன்.

"உள்ள ஒரே எடத்துல கெடக்கும்னா இது போதும் தம்பி. வாசல்ல இழுத்துக்கிட்டுத் திரியிறதுக்கு ஆகாது. பிளக்கும் சாக்கெட்டுமா வாங்கிக்கங்க. எது எந்தப் பக்கம்னா..."

"பாய், நான் பிஸிக்ஸ் படிச்சவன்."

"அப்ப சரி, இனிமே நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அந்த மிதப்பு. கேபிள் தடிமனாக இருந்தது; பிளக்கின் துளை அகலமாக இருந்ததால் அதில்தான் எளிதாக நுழைந்தது. அதில் பிளக்கைப் பூட்டினேன். ஃபேன் ஒயரில் சாக்கெட். செருகியதும் ஃபேன் சுற்றியது, பதர் பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாதி தூற்றியதும் ஃபேனைத் தள்ளி வைக்க, அம்மா இணைப்பைப் பிடுங்கினார். சாக்கு தைக்கும்போது சணலைப் பல்லில் கடித்துக்கொள்வது அவர் பழக்கம். இரண்டு கையும் ஃபேனுக்கு வேண்டுமே! கேபிளை வாயருகே கொண்டுபோனார். பிளக்கின் பித்தளைக் கம்பிகள் அவர் தாடைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் ஆடின. கேபிளின் மறுமுனையோ வீட்டுச் சுவரில், சுவிட்சு போட்டபடி.

"அம்மா, கடிக்காத! அப்படியே நில்லு!"

உள்ளே பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். திரும்பி வந்து அம்மா கையிலிருந்து கேபிளை வாங்கினேன்.

"ஏன்டா கத்துற? அதான் பிடுங்கிட்டேனே. பிடுங்கினதுல எப்படிடா கரன்ட் இருக்கும்?"

"இருக்கும்மா. நான்தான் மாத்திப் பூட்டிட்டேன்."

அம்மா கம்பிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் மூணு வருஷம் காலேஜுக்குப் போனியா? சரி, சீக்கிரம் பூட்டு. அப்பா காத்துக்கிட்டிருப்பாரு."

கரன்ட் வரும் கேபிளில் சாக்கெட், ஃபேன் ஒயரில் பிளக் என்று மாற்றினேன். இனிப் பிடுங்கினாலும் கரன்ட் சாக்கெட்டின் துளைக்குள்தான் இருக்கும், வெளியே நீளும் கம்பியில் இருக்காது. நெல்லும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூடம் போகாத அம்மா நினைத்தது சரிதான். பிடுங்கிய பிளக்கில் கரன்ட் இருக்கக் கூடாது. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது என் கை. இன்றும் ஒயரை இணைக்கும்போதெல்லாம், இதைப் பிரிப்பவர் கையில் எந்த முனை இருக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அன்று பிளக்கும் சாக்கெட்டும் சேர்த்து எண்பது ரூபாய் ஆனது. இரண்டையும் இடம் மாற்றிப் பூட்ட ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.