மாடியில் கேரம் போர்டு

எங்கள் வீட்டு மாடிப்படி மரத்தாலானது. புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படி இல்லை. எங்களுக்கு முன்னால் இந்த வீட்டை வைத்திருந்தவர் மேலே ஓர் அறை எடுத்தபோது, சிமென்ட்டில் படி கட்டினால் கூடத்தில் பாதி போய்விடும் என்று பார்த்து, ஒடுக்கமாக மரத்தில் அடித்துவிட்டார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே அது கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு பலகை உடைந்து அம்மாவின் கால் உள்ளே போனது.

பெரிய காயமில்லை. கணுக்காலில் சிராய்ப்பும் கொஞ்சம் வீக்கமும்தான். ஆனால் அப்பா வந்து பலகையைப் பிரித்து எடுக்கும்வரை அம்மா அந்தப் பொந்தில் கால் மாட்டியபடி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உடைந்த இடத்தில் அப்பா ஒரு பழைய பலகையைத் தற்காலிகமாக அடித்துவைத்தார். ஆனாலும் அதற்குப் பிறகு அம்மா மாடி ஏறவில்லை.

மாடி அறையில்தான் அம்மாவின் கேரம் போர்டு இருந்தது. அம்மாவும் அவளுடைய மூன்று சிநேகிதிகளும் ஒருகாலத்தில் ஒரே கேன்டீனில் வேலை பார்த்தவர்கள். அங்கே ஊழியர்களின் ஓய்வறையில் கேட்பாரற்றுக் கிடந்த போர்டில் ஆடப் பழகி, வேலையை விட்ட பிறகும் ஆட்டத்தை விடாமல், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் கடப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். ஒருவர் திருக்கழுக்குன்றம். இன்னொருவர் பக்கத்துத் தெரு. மேலே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் சிரிப்பு எங்கள் வீட்டில் வேறு எந்த நாளும் கேட்காத சிரிப்பு. மருமகள், மூட்டுவலி, சீட்டு எடுத்தவர், எடுக்காதவர் எல்லாரும் அந்த அறையில் பேசப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். என்ன பேசப்படும் என்று தெரியாது.

அம்மா ஏறமாட்டேன் என்றதும் நானும் அப்பாவும் போர்டைக் கீழே கொண்டுவந்து கூடத்தில் போட்டோம். அது சரிவரவில்லை. கூடத்தில் அப்பா இருப்பார், டிவி ஓடும், தண்ணீர் கேன் போடுபவர் வருவார். நால்வரும் புடவையைச் சரிசெய்துகொண்டு, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி மெதுவாகப் பேசி ஆடினார்கள். சில வாரங்களில் திருக்கழுக்குன்றம் ஆன்ட்டி வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பக்கத்துத் தெரு ஆன்ட்டிக்கும் வேலை வந்துவிட்டது.

“செட்டு கலைஞ்சிடும்போலக் கீது,” என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே. குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். பம்புகளும் மோட்டார்களும் ஏன் அதிர்கின்றன, ஏன் சத்தம் போடுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மழை விட்டு மரம் காயக் காத்திருந்தேன். ஈர மரம் உப்பி இறுகிக்கொள்ளும். எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்பதை மறைத்துவிடும். பொங்கல் விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் படிக்கு அடியில் இருந்த காலி சிலிண்டர், கோலமாவு டப்பா, போகிக்குத் தப்பிய பாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அடுத்து, அங்கே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன். அப்பா மேலே ஒவ்வொரு படியாக நின்று உடம்பை ஆட்டிக் காட்ட வேண்டும். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பார்த்து முடித்து “போலாம் ரைட்” என்று சொன்னால்தான் அடுத்த படிக்கு நகர்ந்தார். எந்தப் படி அசைகிறதோ அங்கிருந்து என் கண்ணாடி மேல் தூள் கொட்டியது. அந்த இடத்தில் சாக்பீஸால் குறி வைத்தேன்.

காரணம் கடல் காற்றுதான். பலகைகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்து மெலிந்திருந்தன. ஓட்டை பெரிது, ஆணி சிறிது. மிதித்தால் பலகை ஆணியோடு உரசிக் கீழே போய், காலை எடுத்ததும் உரசி மேலே வருகிறது. அதுதான் கிறீச். செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டேன்: துரு ஆணிகளைப் பிடுங்குவது, இடைவெளிகளில் மரப்பசை தடவி ஆப்பு அடிப்பது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ முடுக்குவது, உடைந்ததற்குப் புதுப் பலகை போடுவது.

பலகை வாங்க செங்கல்பட்டு மரவாடிக்குப் போனேன். வேங்கையில் ஒரு துண்டு அறுத்து இழைத்து வாங்கிக்கொண்டு திரும்பினால், அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். படி சரியாகிவிட்டதாம். ஏறி இறங்கிக் காட்டினார். உண்மையிலேயே சத்தம் இல்லை.

“இன்னா பண்ணீங்க?”

“கேரம் பவுடரு. சந்து சந்தா கொட்டிட்டேன். போர்டு மேல காய் எப்டி போவுது? சத்தம் போடுதா? அதான்.”

கேரம் ஆடும் வீட்டில் மட்டும் வரக்கூடிய யோசனை. உரசலைக் குறைத்தால் சத்தம் குறையும் என்ற வரைக்கும் சரியும்கூட. ஆனால் டப்பா முழுவதையும் கொட்டியிருந்தார். சந்துகள் நிரம்பி, மிச்சம் பலகைகளின் மேலே மெல்லிய வெள்ளைப் படலமாகப் படிந்திருந்தது. நான் சொல்வதற்குள் அவர் இன்னொரு முறை ஏறிக் காட்டப் போய், இறங்கும்போது வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே வரிசையாகப் படிகளைக் கடந்து தரைக்கு வந்து சேர்ந்தார். கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளை. அடி ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, அப்படித்தான் இறங்க நினைத்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அம்மா சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஸ்ட்ரைக்கர் உள்ள போச்சு,” என்றாள். “ஃபைன் வையி.”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் வேலை கூடியது. பவுடர் இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது. பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்தாகத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் ஆப்பு அடிக்க முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. புதுப் பலகையின் மேல் நான் குதித்துக் காட்டினேன். அப்பா குதித்தார். போர்டை இருவருமாக மேலே கொண்டுபோய்ப் போட்டோம். அம்மா முதல் படியில் ஒரு காலை வைத்தாள், எடுத்துவிட்டாள். எத்தனை கிலோ தாங்கும் என்று விளக்கினேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டாள்.

“நல்லாத்தாம்மா பண்ணிக்கீற. எனக்குத்தான் காலு வரல.”

சிநேகிதிகளுக்கு நான் போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். மூவரும் வந்தார்கள். கடப்பாக்கம் ஆன்ட்டி நால்வரில் உடம்பு பெருத்தவர். விஷயத்தைக் கேட்டதும் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, புதுப் பலகையில் ஏறி நின்று அழுத்தமாக ஓர் ஆட்டு ஆட்டினார்.

“என்னையே தாங்குது. நீ இன்னாடி, எலிக்குட்டி மாதிரி இருந்துகினு?”

அம்மா அசையவில்லை. நீங்கள் ஆடுங்கள், நான் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அவர்கள் மூவரும் மேலே போனார்கள். காய் அடுக்கும் சத்தம், முதல் அடியில் அது சிதறும் சத்தம், சிரிப்பு. அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் செய்யக்கூடியது எதுவும் மிச்சம் இருப்பதாகத் தோன்றவில்லை.

சிறிது நேரத்தில் மேலே சண்டை. கடப்பாக்கம் ஆன்ட்டி சிவப்புக் காயை, அதாவது ரெட்டை, குழியில் போட்டுவிட்டார். அதைத் தொடர்ந்து தன் காய் ஒன்றைப் போட்டால்தான் ரெட் அவருடையது, அதுதான் ஃபாலோ. அந்தக் காய் விழவில்லை. மற்ற இருவரும் ரெட்டைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். அடுத்த சான்ஸில் ஃபாலோ போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சாதித்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அடுத்த சான்ஸா? அது எந்த ஊரு ரூலு?”

கூடத்துக்கு வந்து, அண்ணாந்து, ரெட்டை நடுவில் வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

“காதுல வுழல,” என்றது மேலிருந்து கடப்பாக்கம் ஆன்ட்டியின் குரல். “சொல்றதுன்னா இங்க வந்து சொல்லு.”

“வரேன் இரு. ஏமாத்தி ஆடினா கைய உடைக்கிறேன்.”

புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் படி, அடுத்த படி, புதுப் பலகை. குனிந்துகூடப் பார்க்கவில்லை, கண் மாடிக் கதவிலேயே இருந்தது, வாய் திட்டிக்கொண்டே இருந்தது. படி ஒரு சத்தமும் போடவில்லை. அப்பா டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேலே கதவு சாத்திக்கொண்டது. ஒரு கணம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்குப் பின் அந்தச் சிரிப்பு.

பொங்க இருந்த பாலை ஓடிப்போய் இறக்கினேன். டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். பேச்சு சட்டென்று நின்றது. கை நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறந்தது. வெளியே வந்தது அம்மாவின் கை. விரல் நுனியெல்லாம் பவுடர். ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டதும் கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.