மெர்லுக்கு ஒரு நோய் வேண்டும்

மெர்ல் ட்ரெகென்ஸாவுக்கு எண்பத்து நான்கு வயதிலும் உடம்பு கல் மாதிரி. அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

எங்கள் ஊரிலிருந்து பெரிய ஊருக்குச் செவ்வாய்தோறும் ஒரு சின்ன பஸ் போகிறது. ஓட்டுகிறவன் நான், சம்பளமில்லாத வேலை. கோதுமை வயல்களுக்கு நடுவே ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் கிழடுகளை வாசலிலேயே ஏற்றிக்கொள்வேன். வழியெல்லாம் கூச்சல்தான். யார் வீட்டு மழைநீர்த் தொட்டி வற்றியது, நம் கால்பந்து அணி எப்படி மானத்தை வாங்கியது, எல்லாம் அலசப்படும். புருஷன் போய்ச் சேர்ந்து, மகன் தொலைவில் பெர்த் நகரத்தில் குடியேறி, வயசைக் காட்டிக் கார் லைசென்ஸையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, மெர்ல் மனித முகம் பார்ப்பது அந்த ஒரு நாள்தான்.

போன குளிர்காலத்தில் மேலிடத்துப் புண்ணியவான்கள் உத்தரவு போட்டார்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இனி பஸ். கடைக்கும் அரட்டைக்கும் அரசாங்கப் பணம் கிடையாதாம். நாசமாய்ப் போக! தனியாகக் கிடந்து செத்தால் அது சாவில்லையா?

மெர்லுடைய சினேகிதி எய்ல்ஸாவுக்குக் காலில் ஆறாத புண். வாராவாரம் கட்டு மாற்ற வேண்டும், அதனால் அவளுக்கு இடம் உறுதி. மெர்ல் என்ன செய்வாள்? முழங்கால் வலி என்று டாக்டரிடம் நேரம் வாங்கினாள். அடுத்த வாரம் காது. அப்புறம் தலைசுற்றல்.

"இன்னைக்கு எந்த உறுப்பு, மெர்ல்?" என்று கேட்பேன்.

"மண்ணீரல், நெவில்."

"அது இடது பக்கம்டி," என்பாள் எய்ல்ஸா. "போன தடவ மாதிரி மாத்திப் பிடிச்சிட்டு நிக்காத."

சிரிப்பில் பஸ்ஸே அதிரும். ஆனால் டாக்டர் பையன் முட்டாளில்லை. ஒரு நாள் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, ஆறு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டான். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது மெர்ல் சொன்னாள்.

"நான் நல்லாருக்கேனாம் நெவில். இனிமே என்ன பண்ணுவேன்?"

பிறகு செவ்வாய்தோறும் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வீட்டு கேட் அருகே நிற்பாள். நான் பஸ்ஸை நிறுத்துவேன். எய்ல்ஸா ஜன்னல் வழியாக ஊர்க்கதை சொல்வாள். ஏற்றிக்கொள்ள எனக்குக் கை பரபரக்கும். பெயர் பதியாத ஆளை ஏற்றினால் பஸ்ஸையே நிறுத்திவிடுவோம் என்று மேலிடத்தார் மிரட்டியிருந்தார்கள். கிளம்பும்போது பின்பக்கம் காட்டும் கண்ணாடியை நான் பார்க்கவே மாட்டேன்.

வசந்தம் வந்தபோது அவள் மறுபடி நேரம் வாங்கினாள். இளைத்திருந்தாள். நாங்கள் வழக்கம்போல் கேலி செய்தோம். இரண்டு மூன்று வாரம் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கல்யாணப் பெண் மாதிரி முகம் மலர வந்து பஸ்ஸில் ஏறினாள்.

"கெடச்சிருச்சு!"

"என்னது?" என்றேன்.

"ரத்தத்துல புத்துநோய். வாராவாரம் ஊசி போடணுமாம். செவ்வாக்கெழமைதான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கிட்டேன்."

சாவியைத் திருகப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"எத்தன நாளைக்குடி?" என்றாள் எய்ல்ஸா.

"இருக்கிற வரைக்கும்."

எய்ல்ஸா புண் காலை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"குடுத்து வச்சவடி நீ," என்றாள். பஸ்ஸில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.