பால்கனியில் அழுதவள்

அந்தத் திரையரங்கில் அவரை எல்லோரும் ‘டார்ச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கையில் விளக்கோடு, இருட்டில் தடுமாறுகிறவர்களுக்கு இருக்கை காட்டுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? எந்த வரிசையில் எந்த நாற்காலி ஆடும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஓடுகிற படத்துக்கு இது ஐந்தாவது வாரம். இடைவேளைக்குப் பிறகு அதில் ஒரு சிறுவன் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறான். அரங்கமே மூக்கை உறிஞ்சும். கேன்டீன்காரர் அதற்கென்றே காகிதக் கைக்குட்டை வாங்கி அடுக்கிவிட்டார், பிழைக்கத் தெரிந்தவர். டார்ச் மட்டும் அதற்கு முந்தைய பாட்டு தொடங்கியதுமே நழுவி, சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றுகொள்வார். ஒரு தடவைகூட அந்தக் காட்சியை அவர் பார்த்ததில்லை.

காரணம் அங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் படுத்த அவருடைய ஏழு வயது மகன், மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே பையனின் புத்தகப்பையையும் செருப்பையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, இனி வீட்டில் அவன் பெயரையே எடுக்கக்கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளும் எடுக்கவில்லை. தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பதற்கென்ன, யார் வேண்டுமானாலும் எதையும் நினைக்கலாம்.

ஒரு புதன்கிழமை பகல் காட்சிக்கு, பால்கனியைக் கவனிக்கிறவர் இடைவேளையோடு லீவு போட்டுக் கிளம்பிவிட்டார். அரங்கில் விளக்கணைந்ததும் டார்ச் மேலே போனார். பாட்டு தொடங்கி அவர் நழுவப் போன நேரம் பார்த்து, ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது என்று பிடித்து நிறுத்தினார். நாற்காலிகளுக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுப்பதற்குள் திரையில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அவசரமாகத் திரும்பியபோது, பின்வரிசை ஓரத்தில் ஒரு பெண்ணின் முகத்தில் விளக்கொளி விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அவர் மனைவி. தையல் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று காலையில் கிளம்பியவள்.

டார்ச் அவளிடம் குனிந்தார். "எந்திரி, வெளிய போயிடலாம். உன்னால இதப் பாக்க முடியாது" என்றார்.

"புதனுக்குப் புதன் வர்றேன், அஞ்சாவது வாட்டி பாக்குறேன்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்க அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வீட்ல நீங்க அழ விடலியே."

இதற்கு முன் நான்கு புதன்கிழமை. அவர் சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற அதே நேரத்தில் இவள் இங்கே தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள். டிக்கெட் கொடுப்பவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். இவரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்? டார்ச் விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் விம்மலாக வெடித்துக்கொண்டு வந்தது.

கண்ணாடிக்காரப் பெரியவர் திரும்பி அவர் தோளைத் தட்டினார். "சினிமாதாங்க. மனச விட்றாதீங்க."

டார்ச் தலையாட்டினார். அவர் மனைவி குனிந்து, அவர் காதருகே மகனின் பெயரைச் சொன்னாள்.