ஏமாளி வாங்கிய வாட்ச்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஓணம் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. இடம், திருவனந்தபுரம் பழவங்காடி பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கும் ஒரு பழைய வாட்ச் கடை.

எனக்குப் பழைய கைக்கடிகாரங்கள் என்றால் பைத்தியம். வீட்டில் ஒரு டிராயர் நிறைய வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டும். நான் மணி பார்ப்பது செல்போனில். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் ஏமாந்து வாங்கினேன். பிறகு கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, ராத்திரி பகலாக வீடியோ பார்த்துப் படித்து, எல்லாம் தெரிந்துகொண்டு ஏமாந்தேன். ஆனாலும் உறவுக்குள் எனக்கு வாட்ச் நிபுணன் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியது நான்தான் என்பதால் மறுக்க வழியில்லாமல் போய்விட்டது.

அந்தப் பெயரை நம்பித்தான் என் அத்தான் வந்தார். அக்காவின் கணவர். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர், வீடு விதுராவில். நாகர்கோவில்காரர், அதிகம் பேசமாட்டார். பேசினால் நம்மைக் கிண்டல் செய்யத்தான் பேசுவார். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"மாப்ளே, ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க அக்கா வாங்கித் தந்த வாட்ச தொலைச்சிட்டேன்."

கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் சாப்பிடப் போனவர், கை கழுவும்போது கழற்றிக் குழாய்க்கு மேலே வைத்திருக்கிறார். பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பிப் போனபோது அங்கே இல்லை. அக்காவிடம், வாட்ச் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பல மாதமாக அது ரிப்பேரிலேயே இருக்கிறது.

கல்யாணமான புதிதில் அக்கா சிட்டி, அதாவது ஏலச்சீட்டு, போட்டு, அது விழுந்த பணத்தில் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. எஸ்டேட்டிலிருந்து கடைசி பஸ் எப்போது கிளம்பும் என்று தெரியாமல் இவர் அடிக்கடி பஸ்ஸை விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் நடந்தே இறங்கி வருவாராம். இனி அப்படி வரக்கூடாது என்று வாங்கியது. மகளின் நிச்சயதார்த்தம் நெருங்குகிறது. அன்றைக்கு அதைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அக்கா சொல்லியாகிவிட்டது.

"அதே மாதிரி ஒண்ணு கிடைச்சா போதும்டே. அவளுக்குத் தெரியவேண்டாம்."

மகளின் காதுகுத்து போட்டோ ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் அவர் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, எந்த மாடல் என்று கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளை டயல், சாவி கொடுக்கும் சுவிஸ் வாட்ச். அதற்கு மேல் போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை. பல கடைகளுக்குப் போன் போட்டதில், பழவங்காடியில் அந்த மாடல் இருப்பதாகச் சொன்னார்கள்.

மாடிப்படி ஏறும்போது அத்தானுக்குப் பாடம் எடுத்தேன். பழைய வாட்ச் வாங்கும்போது பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரியவே கூடாது. குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்லத்தான் விலை இறங்கும். "நீங்க வாயே திறக்கக்கூடாது அத்தான். நான் பாத்துக்கறேன்." அவர் தலையாட்டினார். இப்படிச் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

கடைக்காரர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. தலைமுறை தலைமுறையாகப் பழவங்காடியில் வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம். என் பையிலிருந்து லென்ஸ், குட்டி டார்ச், மஞ்சள் துணி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார் வாட்ச் வாங்க வந்ததா, ஆபரேஷன் பண்ண வந்ததா?"

அந்த மாடலில் இரண்டு வாட்ச் எடுத்து வைத்தார். ஒன்று பளிச்சென்று இருந்தது. டயல், முள், சாவி என்று சொல்லும் பக்கவாட்டுத் திருகு எல்லாம் அந்தக் கம்பெனியில் போட்டபடியே இருந்தன. அதன் விலையைக் கேட்டதும் என் லென்ஸ் கண்ணிலிருந்து நழுவியது. இன்னொன்று பார்வைக்கே பாவமாக இருந்தது. விலை குறைவுதான். எனக்கு வேண்டியது முதல் வாட்ச். ஆனால் முதலில் இரண்டாவதை மட்டம் தட்டிக் காட்டினால், ஆள் விஷயம் தெரிந்தவன் என்று அந்த அம்மாள் பயந்து முதல் வாட்ச்சின் விலையை இறக்குவார் என்று கணக்குப் போட்டேன்.

ஆரம்பித்தேன்.

"டயல் மறுபடி பெயின்ட் அடிச்சது. எழுத்தெல்லாம் எப்படித் தடிச்சிருக்கு பாருங்க. நிமிஷக் கோடு ஒண்ணுக்கொண்ணு இடைவெளியே சரியில்ல."

"அது பழைய வாட்ச் அல்லே சார். கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், கேட்டோ."

"நிமிஷ முள்ளு கோட்டைத் தொடவே இல்ல. வேற ஏதோ சின்ன வாட்ச் முள்ளு. நொடிமுள்ளு சிவப்பு. இந்த மாடல்ல சிவப்பு முள்ளே கிடையாது. சாவியப் பாருங்க, சட்டைக்குக் கோட்டு பட்டன் தச்ச மாதிரி."

கீழே கோவிலில் யாரோ வரிசையாகத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பின்னணி இசை மாதிரி அமைந்துவிட்டது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு தேங்காய் உடைந்தது. அந்த அம்மாளும் சலிப்போடு விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். முதலில் சொன்னதில் பாதிக்கு வந்துவிட்டது. எனக்குப் போதை ஏறிவிட்டது. வாங்கப் போகாத வாட்சுக்கு இவ்வளவு விலை குறைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஓரக்கண்ணால் அத்தானைப் பார்த்தேன். முதல் வாட்ச்சை அவர் பார்க்கவே இல்லை. இரண்டாவதையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் மேஜைமேல் அழுத்தி வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. சொன்னபடி முகத்தை இறுக்கமாக வைத்திருக்கிறார், நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கடைசி வார்த்தையைச் சொன்னேன்.

"இது வாட்சே இல்ல மேடம். நாலு செத்த வாட்ச்ச ஒண்ணா அடக்கம் பண்ணியிருக்காங்க. எவனோ ஒரு ஏமாளி தலையில கட்டியிருக்கான்."

அத்தான் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சுதா மாப்ளே? நான் பேசலாமா?"

தலையாட்டினேன்.

"அந்தச் சின்னச் சாவி என் வெரலுக்கு வழுக்கும். விதுரால ரிப்பேர் பாக்கிறவன்தான் பெருசா ஒண்ணு போட்டுத் தந்தான். சிவப்பு முள்ளு, எம்மக தவழும்போது கீழ போட்டு ஒடச்சதுக்குப் பதிலா வச்சது. டயலும் மத்ததும் எனக்குத் தெரியாது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ சொன்ன ஏமாளி உங்க அக்காடே."

கீழே இன்னொரு தேங்காய் உடைந்தது.

கடைக்கார அம்மாள் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். விலையைக் குறைக்க மைத்துனன் ஒரு நாடகம், அத்தான் ஒரு நாடகம் என்று நினைத்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது.

"அம்மா, பின்மூடியத் தொறந்து பாருங்க," என்றார் அத்தான். "எஸ்டேட் ஜீப்புல குலுங்கிக் குலுங்கி உள்ள இருக்க மெஷின் ஆடிப்போச்சு. சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள மடிச்சு ஓரத்துல சொருகியிருக்கும். சாவிக்கு நேரெதிரா."

அந்த அம்மாள் கத்திமுனையால் மூடியைத் திறந்தார். மூன்று பேரும் குனிந்தோம். சாவிக்கு நேரெதிரே, கறுத்துப்போய், மடித்த மடிப்பு கலையாமல் வெள்ளித்தாள் இருந்தது. என் லென்ஸ் தேவைப்படவில்லை.

அந்த அம்மாள் மூடியைத் திரும்பப் பொருத்தினார். ஒரு வியாபாரி பழைய வாட்சுகளை மொத்தமாகக் கொண்டுவந்து போட்டதில் இதுவும் வந்தது, அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது என்றார். "பின்னே அண்ணனோட சாதனம் இது. நான் குடுத்த காசு மட்டும் தந்தா மதி. லாபம் வேண்டாம்." மதி என்றால் அங்கே போதும் என்று அர்த்தம்.

அத்தான் மறுத்துவிட்டார். முதலில் அந்த அம்மாள் என்ன விலை சொன்னாரோ அதைத்தான் கொடுப்பேன் என்று நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நேரம் தொண்டை வற்றப் பேசிக் குறைத்திருக்கிறேனே என்றேன்.

"அதனாலதான்டே," என்றார். "நீ திட்டித் திட்டிக் குறைச்ச வெலைக்கு அத நான் கையில கட்டமாட்டேன்."

தன் வியாபாரத்தில் விலையை ஏற்றிக் கேட்ட முதல் வாடிக்கையாளர் இவர்தான் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் புதிய தோல்பட்டை ஒன்றைச் சும்மா போட்டுக் கொடுத்தார். நொடிமுள்ளையும் சரியானதாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். அத்தான் வாட்ச் கட்டிய கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

அன்று சாயங்காலமே விதுராவுக்குப் போனோம்.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா பார்த்துவிட்டாள்.

"ரிப்பேர் ஒருவழியா முடிஞ்சுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"ரிப்பேருக்குக் குடுக்கல. தொலைச்சிட்டேன். இன்னைக்குத்தான் கெடைச்சுது."

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தன நாளும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேற ஒண்ணு வாங்கித் தந்திருப்ப."

அவள் கிட்டே வந்தாள். அவர் கையை இழுத்து, வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு அதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "லேய், நீ லென்செல்லாம் வச்சு மத்தவங்க வாட்ச்ச பாப்பியே. இத ஒருநாளாவது பாத்திருக்கியா? நான் வாங்கும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது. கடைக்காரன் சொன்னத நம்பித்தான் வாங்கினேன். நல்லதுதானா, பாத்துச் சொல்லு."

அத்தான் என்னைப் பார்த்தார். காலையில் எனக்கிருந்த சொல்வளம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பையைத் திறக்காமல் நின்றேன்.

"என்கிட்ட என்ன கேக்கறே அக்கா? அதுல உள்ள குறையெல்லாம் அத்தானுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். தெரிஞ்சும், கேட்ட வெலையக் குடுத்து வாங்கியிருக்காரு. அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல."

"கேட்ட வெலையா?" என்று அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "பேரம் பேசத் தெரியாத மனுசன். கூட இவன் எதுக்குப் போனான்?"

 அன்று ராத்திரி சாப்பாட்டில் எனக்கு இரண்டாவது அப்பளம் வரவில்லை.

இப்போதும் வாட்ச் கடைகளுக்குப் போகிறேன். லென்ஸும் டார்ச்சும் பையில்தான் இருக்கின்றன. டயலையும் முள்ளையும் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் புத்தியும் போகவில்லை. ஆனால் கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொல்வதற்கு முன், பக்கத்தில் நிற்பவரின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித்தராத சோதனை அது ஒன்றுதான்.