டாக்டருக்குப் புரிந்த தமிழ்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சீட்டு எழுதும் வேலை பார்த்தேன். அதே ஊரில் கரமனையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள், தமிழ், மலையாளம் இரண்டும் வரும். ஆனாலும் மலையாளியான டாக்டர், தமிழ் நோயாளிகள் சொல்வதை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டதில்லை. "தமிழ் எல்லார்க்கும் மனசிலாகும்" என்பார், எல்லாருக்கும் புரியும் என்று.

ஒருநாள் கழக்கூட்டத்தில் கட்டட வேலை செய்யும் ஒருவரை அவருடைய மலையாளி சூப்பர்வைசர் அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு மாதமாகச் சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. நான் கையெழுத்து வாங்க உள்ளே போனபோது டாக்டர், என்னதான் வேண்டும் என்று அவரிடம் மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "போய்ச் சேந்துட்டா போதும் சார்."

"ஓ, நாட்டில் போணம், அல்லே?" ஊருக்குப் போகத்தான் கேட்கிறார் என்று டாக்டர் சிரித்தபடி மாத்திரை எழுத ஆரம்பித்தார். ஊர் ஏக்கம், போனால் சரியாகிவிடும் என்றார். இப்போதே தம்பானூரில் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சூப்பர்வைசர் எழுந்தார்.

டாக்டரைத் திருத்த நான் யார்? அவர்கள் கதவருகே போய்விட்டார்கள்.

"டாக்டர், அவர் ஊரைச் சொல்லவில்லை, சாவைச் சொல்கிறார்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டேன்.

டாக்டரின் முகம் சிவந்தது. அப்படியென்றால் நீயே கேள் என்றார்.

கேட்டால் நானே அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று பயம். ஆனாலும் கதவருகே நின்றவரைத் திரும்ப உட்காரவைத்து எதிரே அமர்ந்தேன்.

"அண்ணா, செத்துப் போயிடலாம்னு தோணறதா?"

அவர் முதன்முறையாக நிமிர்ந்தார். "தெனமும் தோணுதும்மா. ஒருத்தரும் கேக்கலயே."

"ஊர்ல யார் இருக்கா?"

"பொண்டாட்டி செத்து ஆறு மாசமாச்சு. பூட்டின வீடுதான் கெடக்கு." அதற்குமேல் பேச முடியாமல் அழுதார்.

அவர் சொன்னதை நான் மலையாளத்தில் சொன்னதும், டாக்டர் தான் எழுதிய மருந்துச் சீட்டைக் கிழித்தார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். நான் தமிழில் கேட்டு, பதிலைச் சொன்னேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு மணி நேரம் யாரும் எழவில்லை.

அன்றே அவரை வார்டில் சேர்த்தார்கள். வேறு ஊரில் இருந்த அவருடைய தம்பி வந்து மூன்று வாரம் கூடவே இருந்தார். தம்பி வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நான் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு வந்தவர், "முழுசாச் சரியாகலம்மா. ஆனா சோறு எறங்குது" என்றார்.

பிறகு நான் அங்கே வேலை பார்த்த ஒன்றரை வருடமும், மாதாமாதம் மருந்துக்குத் தம்பியோடு வந்தார்.