அப்பா பருப்பு வேகவைத்த ஞாயிற்றுக்கிழமை

ஏழாம் மாதம் பிறந்ததும் எங்கள் கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே கட்டை வைத்து உயர்த்திவிட்டார்கள். நெதர்லாந்தில் பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் கட்டில் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். பிரசவம் ஆனதும் சில நாட்கள் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் குனிந்து குனிந்து முதுகு வலிக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்தக் கட்டைகளுக்கு ‘க்ளோஸ்ஸன்’ என்று பெயர், வாடகைக்குக் கிடைக்கும். நான் சமையலறை முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கைக்குப் போவேன். படுத்தால் ஜன்னல் வழியாகக் கால்வாயும் சைக்கிள்களும் கீழே தெரியும். கடலூரில் இருந்த அம்மாவிடம் இதைப் போனில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “கட்டில எதுக்குடி பரண் மேல ஏத்தனாங்க? கீழ வுழுந்து வெக்கப்போற. பேசாம தரையில பாயப் போட்டுப் படு,” என்றார்.

அது 2009. நாங்கள் டோர்ட்ரெக்ட் என்கிற ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் பிரபு அதற்கு முன்பு செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தார். 2004இல் கல்யாணம் ஆனதிலிருந்து கடலூர் புதுப்பாளையத்தில், அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். பிள்ளை இல்லை. யாராவது “விசேஷம் உண்டா?” என்று என்னைக் கேட்டால் அம்மா முந்திக்கொண்டு, “அவளுக்கு இப்பத்தான் வயசு என்ன?” என்று பேச்சை மாற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை ஆனால் சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவார். அங்கே கல்யாணமாகிப் போயிருந்த என் தங்கை கவிதாவைப் பார்க்கப் போவதாகத்தான் சொல்வார். தில்லைக்காளி கோயிலில் எனக்காக விளக்குப் போட்டுவிட்டு வருகிறார் என்பதைக் கவிதாதான் சொன்னாள். ஆகவே இங்கே நாள் தள்ளிப்போய், உறுதியானதும், முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். “இரு, அடுப்புல பால் இருக்கு,” என்று வைத்துவிட்டார். பால் பொங்கவில்லை என்றும், அழுது முடித்துவிட்டுத்தான் திரும்பக் கூப்பிட்டார் என்றும் பிறகு அப்பா சொன்னார்.

இங்கே கர்ப்பிணிகளை டாக்டர் பார்ப்பதில்லை. ‘ஃபெர்லோஸ்குண்டிக’ என்று அழைக்கப்படும் மருத்துவச்சி பார்க்கிறார். என்னைப் பார்த்தவருக்கு மரிக்க என்று பெயர். எங்கே பிரசவம் வைத்துக்கொள்ள விருப்பம், வீட்டிலா என்று இரண்டாவது சந்திப்பிலேயே கேட்டார். ஊருக்கு, அம்மா வீட்டுக்குப் போவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “ஆமாம், வீட்டில்தான், ஆனால் இந்த முறை முடியாது போலிருக்கிறது,” என்றேன். அவருக்குக் குழப்பம். ஏன் முடியாது, வீடு மாடியில் இருக்கிறதா, படி குறுகலா என்று விசாரித்தார். விமானத்தில் போக வேண்டும் என்றேன். வெகுநேரம் கழித்துத்தான், இந்த நாட்டில் பெண்கள் தங்கள் சொந்தக் கட்டிலிலேயே பெற்றுக்கொள்கிறார்கள் என்பதும், அவர் சொன்ன வீடு நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த இரண்டு அறைதான் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியே போதும் என்று கும்பிட்டேன். பிறந்த சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்தும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதனால் கட்டில் எப்படியும் உயர வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நான் ஒரு வலைப்பதிவு எழுதிவந்தேன். ஜெர்மனி, கனடா, வளைகுடா என்று எங்கெங்கோ தனியாக வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் அதைப் படித்தார்கள். காலையில் எழுந்ததும் குமட்டினால், தலைமாட்டில் வைத்திருக்கும் வட்ட ரஸ்க்கைப் படுத்தபடியே மென்றுவிட்டு எழ வேண்டும் என்று எழுதினேன். பழைய பேன்ட்டுகளைத் தூக்கிப்போடாமல், பொத்தான் போடாத இடுப்பை மறைக்கும் துணிப்பட்டை பற்றி எழுதினேன். பிறை வடிவத்தில் ஆள் நீளத்துக்கு இருக்கும் தலையணை பற்றி எழுதிய பதிவுக்குத்தான் ஜாஸ்தி பின்னூட்டம் வந்தது. கால் இடுக்கில் ஒரு முனை, வயிற்றுக்குக் கீழே நடுப்பகுதி, தலைக்கு மறுமுனை என்று அதைக் கட்டிக்கொண்டு படுத்தால் இடுப்பு வலி போன இடம் தெரியாது. தொட்டிலைச் சூடாக்க இங்கே தகரக் குப்பியில் வெந்நீர் ஊற்றி வைக்கிறார்கள். அது பிள்ளையைச் சுடாமல் இருக்க ஓர் உறை வேண்டும். பள்ளியில் கற்ற குரோஷா எனக்கு அதற்குக் கை கொடுத்தது. மஞ்சள் நூலில் உறை, அதே நூலில் குல்லா, மிச்சத்தில் காலுறை என்று மதியம் முழுவதும் பின்னுவேன். ஒவ்வொன்றையும் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் ஒப்பித்துவிட வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்ட இங்கே வாளி விற்கிறார்கள், உட்கார்ந்த வாக்கில் கழுத்துவரை வெந்நீரில் இறக்கிவிடுவார்கள் என்று சொன்னபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“பக்கெட்டா? கொழந்தய பக்கெட்ல முக்குவாங்களா? நான் வர்ற வரைக்கும் எவளையும் தொட வுடாத. கால நீட்டி ஒக்காந்து எண்ண தேச்சி ஊத்துறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன்ல?”

அவர் வருவதாக முடிவாகியிருந்தது. விசா கிடைத்துவிட்டது. ஒன்பதாம் மாதம் புறப்பட வேண்டும். பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கியாகிவிட்டது, குளிருக்கு ஸ்வெட்டர் கவிதா எடுத்துக் கொடுத்தாள், விமானத்தில் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று பிரபுவிடம் தனியாகக் கேட்டாராம்.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மா பேசவில்லை. கவிதாதான் கூப்பிட்டாள். “அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சுக்கா. டாக்டரு பேசக் கூடாதுன்னுட்டாரு,” என்றாள். அடுத்த முறை அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றாள். கவிதா சிதம்பரத்தை விட்டுக் கடலூரில் ஏன் இத்தனை நாள் தங்கியிருக்கிறாள் என்று கேட்டதற்கு, பள்ளியில் வாத்தியாராக இருக்கும் அவள் கணவருக்கு ஏதோ பயிற்சி என்றாள். நான் நம்பினேன். வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தால் உலகத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும்.

அதற்கும் அடுத்த ஞாயிறு நானே கூப்பிட்டேன். அப்பா எடுத்தார். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலை இரைச்சலிலேயே இருந்து பழகியதாலோ என்னவோ, பேச்சு அதிகம் கிடையாது. போனை எடுத்தால் “ம், இரு, அம்மாகிட்ட தர்றேன்” என்பதுதான் எனக்கும் அவருக்கும் இடையிலான மொத்த உரையாடல். அன்றைக்கு அவர் தரவில்லை.

“சாப்ட்டியாம்மா?” என்றார்.

“இன்னும் இல்லப்பா. இங்க இப்பத்தான் விடிஞ்சுது.”

“என்னா கொழம்பு வெக்கப்போற?”

என் வாழ்நாளில் அப்பா என்னிடம் குழம்பைப் பற்றிக் கேட்டதில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவர் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

“யாருப்பா சமைக்கிறா? கவிதாவா?”

“அவ நேத்து சிதம்பரம் போயிட்டா. நான்தாம்மா. பருப்பு வெச்சிருக்கேன். மூணு விசிலா நாலா? கவிதா சொல்லிட்டுப் போனா, மறந்துட்டேன்.”

“அம்மாவக் கேளுங்களேன்ப்பா.”

மறுமுனையில் விசில் மறுபடி அடித்து, மெல்ல அடங்கியது.

“அவ தூங்குறாம்மா,” என்றார்.

அம்மா பகலில் தூங்கமாட்டார். காய்ச்சலில்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டு அரிசியில் கல் பொறுக்குகிற ஆள். அவர் இருக்கிற வீட்டில் அப்பாவை அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை. ஜன்னலுக்குக் கீழே யாரோ ஒருத்தி முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளை வைத்துச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். அவள் பாலத்தைக் கடந்து மறையும்வரை பார்த்தேன். பிறகு என் குரல், வேறு யாருடையதோ போல, “பருப்புக்கு மூணு விசில் போதும்ப்பா. அடுப்ப அணைச்சிடுங்க. உடனே தொறக்காதீங்க, ஆவி அடிக்கும்,” என்றது.

“சரிம்மா,” என்றார். வைக்காமல் இருந்தார். நானும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்காதவரை அம்மா தூங்கிக்கொண்டிருப்பார் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. விமானத்தில் ஏற்றமாட்டார்கள், ஏற்றினாலும் புள்ளத்தாச்சிப் பெண்ணைச் சாவு வீட்டுக்குள் விடமாட்டார்கள், தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று இன்னொரு பக்கம். அதைவிட, எனக்காக இவர்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கிப் பிடித்திருக்கிற அந்தப் பொய்யை நான் தட்டிவிட்டால், வயதான அப்பாவின் கையிலிருந்து அது விழுந்து உடைகிற சத்தத்தை என்னால் தாங்க முடியாது என்று பயந்தேன். பிரபு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருப்பார். கண் சிவந்து வெளியே வந்து, “சோப்பு பட்டுடுச்சு,” என்பார். “தண்ணி விட்டுக் கழுவுங்க,” என்பேன். அந்த வாரம்தான் குளியல் வாளியைப் பற்றி வலைப்பதிவில் எழுதினேன். என் அம்மா இதைக் கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா என்று ஆரம்பித்து, வேடிக்கையாக எழுதியிருந்தேன். பலரும் சிரித்து எழுதியிருந்தார்கள். அதைப் படித்து என் அம்மாவை விசாரித்த தோழிகளுக்கு நான் பதில் போடவே இல்லை. அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், காரணம் இதுதான்.

மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆனக்க என்கிற பெண் வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், கைகள் உரமானவை. துணி துவைத்தாள், ஜன்னல் துடைத்தாள், பால் கட்டாமல் இருக்க ஒத்தடம் கொடுத்தாள், அந்த உயரமான கட்டிலில் என்னைத் திருப்பிப் படுக்கவைத்தாள். ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சிறு விதைகளைத் தூவி நீட்டினாள். சாப்பிடு, பால் ஊறும் என்றாள். கடித்தால், சோம்பு. அம்மாவும் இதையேதான் கொடுத்திருப்பார் என்று நினைத்ததும் மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அம்மா எப்போது வருகிறார் என்று ஆனக்க கேட்டாள். வரவில்லை என்றேன். “ரொம்பத் தூரமா?” என்றாள். எனக்குத் தெரிந்த டச்சில், “ஆமாம், தூரம்,” என்றேன்.

மூன்றாம் நாள் பிரபுவால் அதற்கு மேல் முடியவில்லை. முக்காலியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தார்.

“தெரியும்ங்க,” என்றேன்.

“என்ன தெரியும்?”

“அம்மா இல்ல.”

“யாரு சொன்னா? எப்பலேர்ந்து?”

“அப்பா பருப்பு வெச்ச அன்னிக்கிலேர்ந்து.”

எனக்கு முன்னால் அவர்தான் உடைந்தார். நெஞ்சு வலி என்று சொன்ன அம்மாவை ஆஸ்பத்திரி வாசல்வரைகூடக் கொண்டுபோக முடியவில்லையாம். பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டதாம். அவர் சொல்லச் சொல்ல, அத்தனை நாளும் வராத அழுகை, தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க வந்தது. சத்தம் கேட்டு ஆனக்க சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். பிரபு சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே புரிந்துகொண்டவள்போலச் சிரித்து, என் முதுகைத் தடவி, “க்ராம்த்ரானன்,” என்றாள். பிள்ளை பெற்றவள் மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகிற கண்ணீருக்கு இந்த மொழியில் ஒரு சொல்லே இருக்கிறது. எல்லோருக்கும் வரும், நாளைக்குச் சரியாகிவிடும், தேநீர் போடட்டுமா என்றாள். திருத்த என்னிடம் தெம்பு இல்லை. “சரி, போடு,” என்றேன். அம்மாவுக்காக நான் அழுத அழுகை, அந்த வீட்டில் அந்தப் பெயரிலேயே இருந்துவிட்டது.

2012இல்தான் ஊருக்குப் போக முடிந்தது. கவிதாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. பிரபுவுக்கு விடுப்புக் கிடைக்காததால் மகளோடு நான் மட்டும் போனேன். அப்பா இப்போது சிதம்பரத்தில் கவிதாவோடு இருந்தார். கடலூர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள்; நான் தெருவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கொடியில் யாருடைய துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன. வளைகாப்பில் தாய் ஸ்தானத்தில் நின்று, கவிதாவுக்கு நான்தான் முதல் வளையல் போட்டேன். கன்னத்தில் சந்தனம் தடவியபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்க்கா. கேட்டுடக் கூடாதேன்னு ஒவ்வொரு தடவையும் சாமிய வேண்டிக்கிட்டுத்தான் போன எடுப்பேன்,” என்றாள். “அதான் கேக்கல,” என்றேன். சுற்றிலும் பெண்கள் பாட ஆரம்பித்திருந்ததால் அதோடு விட்டோம்.

புறப்படுகிற நாள், வேண்டாம் என்றும் கேளாமல் சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஒம்பதாம் மாசம் வந்துடுவல்ல? எனக்கும் கூட யாரு இருக்கா?” என்றாள். எனக்கு டோர்ட்ரெக்ட்டில் ஒரு நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. இருந்த விடுப்பை எல்லாம் இந்தப் பயணத்திலேயே தீர்த்துவிட்டிருந்தேன். வர முடியாது என்பது எனக்குத் தெரியும். “பாக்கறேண்டி. வந்துடுவேன்,” என்றேன். பக்கத்தில் ஏறி நின்ற மகள் தன் சித்தியின் வயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கொம்ட் சித்தி நீட் மே?” என்றாள். சித்தி நம்மோடு வரவில்லையா?

“என் பேர சொல்றாளே! என்னா கேக்குறா?” என்று கவிதா ஆசையாகக் கம்பிக்குள் முகத்தை நுழைத்தாள்.

“சித்தி அழகா இருக்காங்கன்னு சொல்றா.”

அவள் முகம் மலர்ந்தது. ரயில் நகர்ந்தது. வளையல் நிறைந்த இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியபடி, மூச்சு வாங்க, பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள். மகள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவளுக்கு டச்சில் சொல்வதா, தமிழில் சொல்வதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், நான் சொன்ன பொய்யைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு என் தங்கை சின்னதாகிக்கொண்டே போனாள்.